சுடலைமணி விட்டுச் சென்ற நிழல்

சுடலைமணி கல்யாண லீவு முடிந்து தான் வேலை பார்க்கும் குளிர் தேசத்துக்குத் திரும்பிப் போனபோது பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டான், மக்ரூன் டப்பாவையும் கருவாட்டுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டான், ஜன்னலில் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தைக்கூட பாதி வழியில் ஞாபகம் வந்து ஓடி வந்து எடுத்துக்கொண்டான், நிழலை மட்டும் எங்கள் தெருவிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். வாடகைக் கார் கிளம்பியது, புழுதி எழுந்தது, புழுதி அடங்கியது, அவன் கடைசியாக நின்று கையசைத்த இடத்தில், அவன் புது மனைவி முத்தரசியின் வீட்டு வாசலில், நிழல் இன்னும் கையசைத்துக்கொண்டிருந்தது.

நாங்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்தை ஒட்டிய தெரு எங்களுடையது, கடல் உள்வாங்கினால்கூட எத்தனை மணிக்குத் திரும்பும் என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடிக்கிற ஆட்கள் நாங்கள். முத்தரசியின் அண்ணன் மனைவி சொர்ணம்தான் முதலில் பேசினாள். லீவு கிடைக்காத மனுஷன் நிழலையாவது விட்டுவிட்டுப் போனாரே, சில பேர் அதையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று தன் புருஷனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவர் அப்போது சவுதியிலிருந்து லீவில் வந்திருந்தார், எழுந்து உள்ளே போய்விட்டார்.

அங்கே போய் இறங்கியதும் சுடலைமணி போன் போட்டான். எதையோ வைத்துவிட்டு வந்த மாதிரியே இருக்கிறது, பெட்டியையெல்லாம் கொட்டிப் பார்த்துவிட்டேன், எதுவும் குறையவில்லை என்றான்.

"உங்க நிழலு இங்கதான் இருக்கு. அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க விசா வேலையப் பாருங்க" என்றாள் முத்தரசி. அவள் உப்புப் பாக்கெட் போடும் கம்பெனியில் சூப்பர்வைசர், இருபது பெண்களை வேலை வாங்குகிறவள், எதற்கும் குரலை உயர்த்த மாட்டாள்.

இந்தக் கல்யாணம் அவளுக்கு இரண்டாவது. முதல் கணவன் வேல்சாமி உப்பு லாரி ஓட்டினான், மகள் உலகு பால்வாடிக்குப் போகிற வயதில் பைபாஸ் விபத்தில் போய்விட்டான். அதன்பிறகு வந்த வரன்களிடமெல்லாம் முத்தரசி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போவீர்களா என்று. பலரும் பார்ப்போம் என்றார்கள். சுடலைமணி, விசாவுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்துத்தானே எழுத வேண்டும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பேருக்கு உள்ள எழுத்தும் பள்ளிக்கூடச் சான்றிதழில் உள்ள எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் கல்யாணத்தன்று உலகு அங்கே இல்லை. அம்மா கழுத்தில் தாலி ஏறுவதைப் பெற்ற பிள்ளை பார்க்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்டாலும் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை. சொர்ணம் விடிந்ததும் உலகைத் திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் அலையில் நிற்க வைத்து, ஐஸ் வாங்கிக் கொடுத்து, வளையல் வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விட்டாள். பந்தலில் வாழைமரம் சாய்ந்து கிடந்தது. கல்யாணச் சட்டையோடு புது ஆள் ஒருவர் எழுந்து வந்து சாப்பிட்டியாம்மா என்று கேட்டார். பத்து வயதுப் பிள்ளை, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். பனியில் போட்டு நடக்கிற ஊதா நிற பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி வந்திருந்தார், அளவு தெரியாமல் வாங்கியது, அவள் காலுக்கு ரொம்பப் பெரியது. அதை அவள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நிழல் எங்கள் ஊர் வெயிலுக்குக் கட்டுப்படவில்லை. அது அவனுக்குத்தான் கட்டுப்பட்டது. அங்கே அவன் ரொட்டி செய்யும் பேக்டரியில் ராத்திரி ஷிப்டு, அங்கே ராத்திரி என்றால் இங்கே பகல், ஆகவே நாங்கள் பல் தேய்த்துக்கொண்டு வெளியே வரும்போது நிழல் சுவரில் நிமிர்ந்து நின்று மாவு பிசைய ஆரம்பித்திருக்கும், பிசையும், தட்டுகளைத் தூக்கும், அடுக்கும், இடது தோளை நீவிக்கொள்ளும், மறுபடி பிசையும், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்தில் ஷிப்டு முடிந்து தலை கவிழ்ந்து கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தெருவில் நீட்டிப் படுத்துவிடும். படுத்திருக்கும்போது எல்லோரும் சுற்றிக்கொண்டு போனோம். தூங்குகிற மனுஷனை யார் தாண்டுவார்கள்?

எங்கள் தெருவில் மரம் கிடையாது. உப்புக் காற்றில் வேம்புகூடக் கருகிவிடும். பஸ் ஸ்டாப்பில் இருந்த நிழற்குடையையும் ரோடு அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள், அது முத்தரசி வீட்டுக்கு நேர் முன்னால் இருந்தது, கவுன்சிலர் கட்டித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லி அடுத்த தேர்தலும் வந்துவிட்டது. இப்போது நிழல் பகலெல்லாம் நின்று வேலை பார்த்ததில் அதன் தோளும் முதுகும் ரோட்டோரம் வரை விழுந்தன, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் ஒவ்வொருவராக அதற்குள் ஒதுங்கினார்கள். உடனே பிரச்சினை வந்தது. அடுத்தவள் புருஷனின் நிழலில் பொம்பிளைகள் ஒதுங்கலாமா? தெரு இரண்டாகப் பிரிந்து பேசியது. கடைசியில் முத்தரசியிடமே கேட்டார்கள். நிற்கலாம், உட்காரக் கூடாது, பஸ் வந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்றாள். அதுவே சட்டமாயிற்று. வடகம் காயப்போடுகிறவர்கள் முகம் சுளித்தார்கள், பார்பர் மாசானம் நாற்காலியை நிழலுக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டு, உட்காருவது நான் இல்லை, கஸ்டமர்தானே என்றான்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிறபோது இன்னொரு சண்டை. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு, தலைக்கட்டுக்கு ஒரு வரி. நிழல் தலைக்கட்டா இல்லையா? ஆள் இல்லாத இடத்தில் வரி கேட்பது முறையில்லை என்றார்கள் ஒரு சாரார், தலை தெரிகிறதே என்றார்கள் மறு சாரார். அரை வரி என்று முடிவாயிற்று. முத்தரசி முழு வரியையும் கொடுத்தாள். அரை ஆளைக் கட்டிக்கொள்ளவில்லை என்றாள்.

உலகு மட்டும் அந்த நிழலுக்குள் கால் வைக்கவில்லை. ஸ்கூல் பஸ்ஸுக்கு எதிர்ப்பக்கம் வெயிலில் நின்றாள். தொப்பி கொடுத்தால் வேண்டாம் என்றாள். போனில் அம்மா பேசிவிட்டு இந்தா பேசு என்று நீட்டினால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்றாள். அந்தப் பக்கத்தில் அவனும் வற்புறுத்த மாட்டான். நல்லாப் படிக்கச் சொல்லு என்பான், அதைச் சொல்லும்போது வாசலில் நிழல் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். பார்க்கிற எங்களுக்குத்தான் பாவமாக இருக்கும்.

இதற்கிடையில் விசா வேலை நடந்தது. நடந்தது என்று ஒரு சொல்லில் சொல்கிறேன், அது நடந்த நடையை முத்தரசியைத்தான் கேட்க வேண்டும். போலீஸ் சான்றிதழுக்கு ஒரு நடை, மெடிக்கல் பரிசோதனைக்கு ஒரு நடை, வேல்சாமியின் இறப்புச் சான்றிதழில் அவன் அப்பா பெயர் மாறியிருந்ததைத் திருத்தப் பல நடை. புருஷனும் பெண்டாட்டியும்தான் என்பதற்குப் போன் பில், அவன் அனுப்பிய சேலைக்கு ரசீது, பேசிக்கொண்டதன் பிரிண்டு. வீட்டுக்குள் பேசியதை ஆபீஸருக்குக் காட்ட வேண்டியிருக்கிறதே என்று அவள் கூச்சப்படவில்லை. சண்டை போட்டதையும் சேர்த்தே வையுங்கள், அப்போதுதான் நம்புவார்கள் என்றாள் ஏஜண்ட் ஜெபராஜிடம்.

ஜெபராஜ் நல்லவர்தான், அவசரக்காரர். பிள்ளையின் பேரை எடுத்துவிட்டால் நீங்கள் சீக்கிரமே பறந்துவிடலாம், அங்கே போய் உட்கார்ந்துகொண்டு பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார். முத்தரசி அன்றே சுடலைமணியிடம் கேட்டாள். அவனோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் அப்படித்தான் மகன் பேரை எழுதாமல் விட்டாராம், விட்டது விட்டதுதான், பிறகு எத்தனை விண்ணப்பம் போட்டும் அந்தப் பையன் வரவே முடியவில்லையாம், இப்போது அவர் ஷிப்டு முடிந்தால் வீட்டுக்குப் போகாமல் பேக்டரி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

"ரெண்டு பேரும் வரணும். இல்லன்னா நான் இங்க வந்து உப்பு அள்ளுதேன்" என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த உலகு தலையைத் தூக்காமல் பென்சிலை நிறுத்தினாள்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொர்ணம் மீன் உரசிக்கொண்டிருக்க, உலகு சுவருக்கு எதிரே உட்கார்ந்து நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் வேலையை நிறுத்தி எதையோ பிரித்து வாயில் வைத்தது. நின்றுகொண்டே தின்றது. பாதியில் ஒரு தட்டைத் தூக்கிவைத்துவிட்டு வந்து மறுபடி தின்றது. மறுநாள் பள்ளிக்கூடம் லீவு, அன்றைக்கும் அப்படியே. அன்று சாயங்காலம் போன் வந்தபோது அவளே அம்மா கையிலிருந்து அதை வாங்கினாள்.

"ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடுதீங்க?"

அவளிடமிருந்து அவன் கேட்ட முதல் வார்த்தை அது. வாசலில் நிழல் சட்டென்று நிமிர்ந்தது.

"உக்காந்தா தூக்கம் வந்துரும்மா" என்றான்.

"தூங்கிராதீங்க. உக்காந்து சாப்பிடுங்க" என்றாள் உலகு, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் கிளம்புமுன் முக்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டாள். மதியம் நிழல் அந்த முக்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதை பார்பர் மாசானம் பார்த்தான், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள், சொர்ணம் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயத்தைத் திட்டினாள். லீவு நாட்களில் உலகும் தட்டை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள். அப்புறம் ஒரு காலையில் ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்து நிழலுக்குள் நின்று பஸ் ஏறினாள். அன்றிலிருந்து நிழல் வாசலை விட்டு அவளோடு நடக்கத் தொடங்கிற்று. பள்ளிக்கூட கேட் வரை பஸ்ஸோடு போய்த் திரும்பிற்று, கொடைக்குப் போயிற்று, சடங்கு வீட்டுக்குப் போயிற்று, போகிற வழியெல்லாம் காற்றில் மாவு பிசைந்துகொண்டே போயிற்று. டீச்சர், யார் இது என்று கேட்டாராம். வேலைக்கு நடுவில் வந்திருக்காங்க டீச்சர் என்றாளாம்.

இப்படி இருக்கையில்தான் விசா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. கல்யாண ஆல்பத்தில் நூற்றுக்கு மேல் படம் இருக்கிறது, ஒன்றில்கூட இந்தப் பிள்ளை இல்லை, தாயின் திருமணத்தில் மகள் இல்லாதது ஏன், இது உண்மையில் ஒரே குடும்பம்தானா, விளக்கம் தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் என்று எழுதியிருந்தார்கள். ஜெபராஜ் படித்துச் சொல்லச் சொல்ல சொர்ணத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போனவள் அவள்தானே. யாரிடமும் சொல்லாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினாள்.

ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர். உலகின் பள்ளிக்கூடப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, யாரோ ஒரு பிள்ளையின் பட்டுப்பாவாடை உடம்பில் ஒட்டி, மணமகனுக்கும் மணமகளுக்கும் நடுவில் நிறுத்தி, தலையில் பூவும் வைத்துப் பெரிதாகப் போட்டுக் கொடுத்துவிட்டார். அசல் தோற்றுப்போகும். சொர்ணம் அதைக் கொண்டுவந்து விரித்தாள், ஜெபராஜ் தலையை ஆட்டினார், இதை வைத்துவிடலாம் என்றார். உலகு குனிந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு நிழலு இருக்கு, அவங்களுக்கு இருக்கு, எனக்கு இல்லையே அத்தை" என்றாள்.

முத்தரசி அதை வாங்கிப் பார்த்துவிட்டு நான்காகக் கிழித்தாள். சொர்ணம் அழுதாள். என்னால்தானே என்றாள், பார்க்கக் கூடாது என்று யார் சொன்னார்கள் என்றுகூட எனக்குத் தெரியாதே, எல்லோரும் செய்கிறார்களே என்று செய்தேன் என்றாள்.

"அழாதீங்க மதினி. எங்க வழக்கம் இது, அதனால பிள்ள இல்லன்னு நடந்தத அப்படியே எழுதுவோம். பொய்யச் சொல்லி என் பிள்ளைய எந்த நாட்டுக்கும் கூட்டிப் போகமாட்டேன்" என்றாள் முத்தரசி.

உண்மையை எழுதினால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டுமே என்றார் ஜெபராஜ். அப்போது எதற்கோ வந்த மாசானம் தன் போனை நீட்டினான். ஒரு லீவு நாளில் கடையை எடுத்த படம், நாற்காலியில் கஸ்டமர், பின்னால் முக்காலி அருகில் உலகு தட்டோடு, அவள் பக்கத்தில் சுவரில் உட்கார்ந்த நிலையில் நிழல். உடனே தெரு முழுக்கப் போன்களைத் துழாவியது. காதுகுத்து வீட்டுப் படத்தின் ஓரத்தில் உலகு, பக்கத்தில் நிழல். கொடையில் முளைப்பாரி எடுக்கிற படத்தில் உலகு, தோளுக்கு மேல் பிசைகிற கைகள். மழைத்தண்ணீர் தெருவுக்குள் வந்த நாளில் உலகு பாவாடையைத் தூக்கிப் பிடித்து நடக்கிறாள், தண்ணீர் மேல் அவளுக்கு முன்னால் நிழல் குனிந்து வழி பார்த்துப் போகிறது. யாரும் அவளை எடுக்க நினைத்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் பிரிண்டு போட்டு, விளக்கத்தோடு சேர்த்து அனுப்பினார்கள், இண்டர்வியூவுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது.

சென்னைக்கு அம்மாவும் மகளும் ரயிலில் போனார்கள். நிழலும் போயிற்று. வாசலில் காவலாளி பையை வாங்கிக்கொண்டார், போனை வாங்கிக்கொண்டார், அழைப்புக் கடிதம் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம் என்றார், நிழலைப் பார்த்தார், அதனிடம் பையும் இல்லை போனும் இல்லை, போகட்டும் என்று விட்டுவிட்டார்.

உள்ளே நாலா பக்கமும் ட்யூப்லைட், ஒருவருக்கும் நிழல் விழாத அறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அம்மா ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்கத் தமிழ்ப் பெண் ஒருத்தி. முத்தரசியிடம் வழக்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். அது தப்பான வழக்கம், இனிமேல் எங்கள் தெருவில் கிடையாது என்றாள், கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொல்லுகிற தெம்பு அவளுக்கு. பிறகு அந்த அம்மா மழைத்தண்ணீர் படத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து உலகிடம், இது யார், இவரைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்.

உலகு எழுந்து நின்றாள். "மாவு பிசைஞ்சா இடது தோளு வலிக்கும். நீவிக்கிட்டு மறுபடி பிசைவாங்க. முன்னால நின்னுக்கிட்டே சாப்பிட்டாங்க, இப்ப உக்காந்து சாப்பிடுதாங்க, நான்தான் சொன்னேன். தண்ணிக்குள்ள எனக்கு முன்னால போவாங்க" என்றாள். கொஞ்சம் யோசித்தாள். "எங்க ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிடலன்னா இங்க வந்து உப்பு அள்ளுதேன்னு சொன்னாங்க. அவங்களுக்கு உப்பு அள்ளத் தெரியாது. கை வெந்துரும்."

மொழிபெயர்க்கிற பெண் கடைசி வாக்கியம் வரை சொல்லி முடித்தாள். ஆபீஸர் அம்மா எட்டித் தரையைப் பார்த்தார். உலகின் நாற்காலிக்குப் பக்கத்தில், நிழலே விழாத அந்த அறையில், முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்து, ஒரு ஆணின் நிழல் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு அது எதையும் பிசையவில்லை. சுடலைமணி லீவு போட்டுவிட்டு, அங்கே ராத்திரி என்றும் பாராமல் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா வியப்படையவில்லை. எத்தனையோ குடும்பங்களைப் பார்த்தவராக இருக்க வேண்டும். கணவர் உடன் வந்திருந்தார் என்று எழுதிக்கொண்டு, அடுத்தவரை வரச் சொன்னார்.

இரண்டு பேருக்கும் விசா வந்தது. தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள், வாங்கித் தின்றுகொண்டே நாங்கள் கவலைப்பட ஆரம்பித்தோம். நிழல் போய்விட்டால் பஸ்ஸுக்கு எங்கே நிற்பது? நிழற்குடை வரும் வரை அதை மட்டும் விட்டுப் போகலாமா என்று மாசானம் எல்லோருக்காகவும் கேட்டான். ஆளை அங்கே வைத்துக்கொண்டு நிழலை இங்கே வைத்து என்ன செய்ய, நான் ஒருத்தி பட்டது போதும் என்றாள் முத்தரசி. எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. கவுன்சிலரை எதிர்பார்க்காமல் நாங்களே காசு போட்டு நான்கு கம்பம் ஊன்றித் தகரம் போட்டோம், நிழலின் தோள் எதுவரை விழுந்ததோ அதுவரை. கிளம்புகிற அன்று உலகு கட்டிலுக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்தாள். அளவு சரியாக இருந்தது. நாற்பது டிகிரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள், அவளுக்குப் பின்னால் நிழலும் ஏறியது.

விமான நிலையத்தில் நடந்ததை முத்தரசி போனில் சொன்னாள். சுடலைமணி பூங்கொத்தோடு நின்றிருந்தானாம், சுற்றிலும் அத்தனை பேர் காலடியிலும் கறுப்பாக ஏதோ இருக்க, அவன் காலடியில் மட்டும் வெறும் தரை. நிழல் தாவிக்கொண்டு அவனிடம் போகும் என்று இவள் நினைத்தாள். அது அசையவில்லை. உலகின் பக்கத்திலேயே நின்றது. அவனுக்கோ கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை, பிள்ளையைத் தூக்கலாமா, தலையைத் தொடலாமா, பூவை நீட்டினால் வாங்குவாளா என்று நின்ற இடத்திலேயே நின்றான். உலகு அவனைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். வழியே போன ஒருவரை நிறுத்திப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷில் ஏதோ சொல்லி அம்மாவின் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"கல்யாண போட்டோ எடுக்கணும். அம்மா அந்தப் பக்கம் நில்லுங்க" என்றாள். பிறகு தன் பக்கத்தில் இருந்த நிழலைக் காட்டி, "நீங்க இங்க வந்து நில்லுங்கப்பா" என்றாள்.

அவன் வந்து அதன்மேல் காலை வைத்து நின்றான். போன வருஷத்துக் குளிரிலிருந்து மரத்துப்போயிருந்த பாதம் சூடாயிற்று என்றானாம், எங்கள் தெரு வெயிலை அத்தனை நாள் குடித்த நிழல் அல்லவா.

அந்தப் படம் சொர்ணத்தின் போனுக்கு வந்தபோது நாங்கள் தகரத்துக்கு அடியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். போன் கை மாறி வந்தது. மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு இருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். எல்லோரும் முதலில் தரையைத்தான் பார்த்தோம். மூன்று நிழல்கள் இருந்தன, மூன்றும் ஒரே பக்கமாக விழுந்திருந்தன.